மூன்றாம் வரிசையின் அமெரிக்கா

1996ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் ஐந்து மணி பத்து நிமிடம். வெளியே மைனஸ் பதினான்கு. காற்றையும் சேர்த்தால் மைனஸ் இருபத்திரண்டு என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார், நான் சரிபார்க்கவில்லை. பொடிப்பனி கிடையாகப் பறந்துகொண்டிருந்தது. ரூஜ் பகுதியில் உள்ள மகன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, வலது சப்பாத்துக்குள் ஈரம் போய்விட்டதோ என்ற கவலையோடு மாடிப்படி ஏறி, ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டப்போன நேரம், மேற்பார்வையாளர் டொரீன் எங்கள் வரிசையின் முனையில் வந்து நின்றார்.

"மூன்றாம் வரிசை ஆறு பேரும் சாப்பாட்டு அறைக்கு வாருங்கள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்" என்றார்.

வேலை நேரத்தில் ஹெட்போனைக் கழற்றச் சொல்லி டொரீன் வாயால் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அது கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்த நாள்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் இரண்டாம் மாடியில் இருந்துகொண்டு அமெரிக்க வீடுகளுக்குத் தொலைபேசி எடுப்போம். கனடிய டொலர் மலிவாக இருந்ததால் அமெரிக்கக் கொம்பனிகள் இந்த வேலையை எங்களிடம் தந்தன. கேட்பவை பல கேள்விகள் என்றாலும் முக்கியமானவை இரண்டு. சனாதிபதி தன் கடமையைச் செய்யும் விதம் உங்களுக்குத் திருப்தியா, இல்லையா? நாட்டின் பொருளாதாரம் சீராகி வருகிறதா, மோசமாகி வருகிறதா, அப்படியே இருக்கிறதா? இந்த இரண்டையும் ஒன்பது வருடம் கேட்டேன். எத்தனை வீடுகளில் கேட்டேன் என்ற கணக்கும் என்னிடம் உண்டு. வாசகரின் பொறுமை கருதி அதை விட்டுவிடுகிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் என் வீட்டுத் தொலைபேசிக்கு வந்த ஓர் இயந்திரக் குரல். பிரதமரைப் பிடித்தால் ஒன்றை அழுத்து, பிடிக்காவிட்டால் இரண்டை அழுத்து என்றது. நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒன்றை அழுத்துவதற்குள் "நன்றி" சொல்லித் துண்டித்துவிட்டது. மார்க்கம் முதியோர் சங்கத்தில் இதைச் சொல்லி நான் பொருமியபோது, "அப்ப உங்கட காலத்திலை எப்பிடிக் கேட்டனீங்கள்? எழுதுங்கோவன்" என்றார்கள். எழுதுகிறேன்.

சாப்பாட்டு அறையில் நாங்கள் ஆறு பேரும் மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசையாக நின்றோம். டொரீன் கையில் தொலைநகலில் வந்த ஒரு பக்ஸ் தாள் இருந்தது.

"நேற்றிரவு இந்தக் கட்டடத்தில் ஐந்து வரிசைகள் அமெரிக்காவோடு பேசின. நான்கு வரிசைகளுக்கு அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பொருளாதாரம் சீராகிறது, சனாதிபதி பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வரிசைக்கு மட்டும் பொருளாதாரம் படுமோசம், சனாதிபதி வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். போன கிழமையும் இப்படித்தான். அதே நாடு, அதே இரவு. வொஷிங்டனில் உள்ள வாடிக்கையாளர் ஏன் என்று கேட்கிறார்."

டொரீன் தாளை இரண்டாக மடித்தார்.

"மிஸ்டர் கிரான்ட் என்ன நினைக்கிறார் என்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வீடுகளுக்கு எடுக்காமலே கதிரையில் இருந்தபடி விடைகளை அடித்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறார்."

கிரான்ட் என்பவர் எங்கள் மனேஜர். இப்படிச் செய்வது எங்கள் தொழிலில் ஆகப் பெரிய குற்றம். பிடிபட்டால் அன்றைக்கே வேலை போய்விடும், நற்சான்றும் கிடைக்காது.

பிலோமினா எனக்குப் பக்கத்தில் நின்று தமிழில் முணுமுணுத்தார். "பொய் எழுதிறதெண்டால் நான் நல்லதா எழுதியிருப்பன். நானேன் அமெரிக்காவை அழவைக்கிறன்?"

பிலோமினா மன்னாரில் உயிரியல் படிப்பித்தவர். அப்போது ஐம்பத்தாறு வயது. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு மறுமொழி இருக்கும். அவருக்கு மறுபக்கத்தில் நின்றவன் யோகன். அவன் முகம் அந்த பக்ஸ் தாளின் நிறத்துக்கு வந்திருந்தது.

யோகனுக்கு முப்பத்துநான்கு வயது. மனைவி சுபாவும், அவன் கைக்குழந்தையாக விட்டுவந்த ஐந்து வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் பதினாறு மாதமாக விசாவுக்குக் காத்திருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்கு அழைக்கும் ஸ்பொன்சர் விண்ணப்பத்துக்கு அவனுக்கு நிரந்தர வேலை உண்டென்று கொம்பனி தரும் கடிதம் தேவை. அந்தக் கடிதத்தில் கிரான்ட் கையெழுத்து வைப்பதாகச் சொன்னது அந்த வாரம் வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கட்கிழமை அது குடிவரவு அலுவலகத்தில் இருக்கவேண்டும்.

"வியாழக்கிழமை இரவுவரை தவணை வாங்கியிருக்கிறேன். அதற்குள் நான் கண்டுபிடிக்கிறேன். இப்போது போய் வேலையைப் பாருங்கள்" என்றார் டொரீன்.

டொரீனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஜமெய்க்காவில் பிறந்தவர். இரண்டு மூக்குக்கண்ணாடி வைத்திருப்பார். ஒன்று மூக்கில், மற்றது தலைமயிரில். சத்தம் போடாத சப்பாத்து. தன் மேசையில் இருந்தபடியே யாருடைய அழைப்பையும் எங்களுக்குத் தெரியாமல் ஒட்டுக்கேட்கும் வசதி அவருக்கு இருந்தது. ஒருநாளும் ஏசமாட்டார். நாங்கள் பிழைவிட்டால் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, "மணி என்ன?" என்று கேட்பார். தேவையில்லாததைப் பேசிவிட்டாய் என்று அர்த்தம். நன்றாகச் செய்துவிட்டால் ஒன்றும் சொல்லாமல் எங்கள் மேசையில் கிடக்கும் பென்சிலைக் கொண்டுபோய்க் கூராகச் சீவிக் கொண்டுவந்து வைப்பார். எல்லாம் கணினியில் அடிக்கும் வேலை. பென்சிலுக்கு ஓர் உபயோகமும் இல்லை. ஆனாலும் கூரான பென்சில் கிடக்கும் மேசைக்காரன் அன்றைக்கு நிமிர்ந்துதான் இருப்பான்.

பயிற்சி மூன்று நாள்தான். அதில் படித்தது நாலே நாலு விதி. திரையில் உள்ளதை அப்படியே வாசிக்கவேண்டும். ஒரு சொல்லும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. "பொருளாதாரம் என்றால் என் பொருளாதாரமா, நாட்டின் பொருளாதாரமா?" என்று யாரும் கேட்டால் விளக்கம் சொல்லக்கூடாது, "உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லவேண்டும். பாதிப் பேரிடம் சனாதிபதியை முதலும் மறுபாதிப் பேரிடம் பொருளாதாரத்தை முதலும் கேட்கவேண்டும். ஏனென்றால், பெற்றோல் விலையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் மனிதனிடம் அடுத்ததாகச் சனாதிபதியைப் பற்றிக் கேட்டால் அந்தக் கடி சனாதிபதிக்குத்தான் விழும். நாலாவது விதி பிறந்தநாள் விதி. தொலைபேசியை எடுத்தவரிடமே கேள்வியைத் தொடங்கக்கூடாது. எப்போதும் வீட்டில் இருப்பவர்தான் எடுப்பார். அவருடைய கருத்து மட்டும் நாட்டின் கருத்தாகிவிடும். அதனால், "இந்த வீட்டில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களில் கடைசியாக யாருக்குப் பிறந்தநாள் வந்தது?" என்று கேட்டு, அவரோடுதான் பேசவேண்டும்.

இந்த விதிகள் எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டன. வீட்டிலும் விடவில்லை. ஒருநாள் மனைவி, "கத்தரிக்காய்க் குழம்பு எப்பிடி?" என்று கேட்டாள். "மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி, ஓரளவு அதிருப்தி, மிகவும் அதிருப்தி. இதிலை எது எண்டு கேக்கிறீர்?" என்றேன். "கோப்பையை இஞ்சாலை தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால் அது மிகச் சந்தோஷமான வேலை. நான் கண்ணால் காணாத ஒரு நாடு இரவிரவாக என் காதுக்குள் வந்து பேசியது. மொன்டானாவில் ஒரு கிழவர், "சனாதிபதி நல்லவர்தான், ஆனால் என் ட்ரக்கை அவருக்கு இரவல் கொடுக்கமாட்டேன். இதை எந்தப் பெட்டிக்குள் போடுவாய்?" என்று கேட்டார். டெக்ஸாசில் ஒரு பெண், பொருளாதாரம் எப்படி என்று கேட்டதற்கு, "கொஞ்சம் பொறு" என்று சொல்லி, போய்த் தன் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "சீராகிறது" என்றாள். பிலோமினா வேலைக்கு வந்த முதல்நாள் கேள்வித்தாளை வாசித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து சிரித்தார். "அண்ணை, எங்கட நாட்டிலை ஒருத்தன் போனடிச்சு, சனாதிபதி எப்பிடி எண்டு கேட்டால் சனம் என்ன செய்யும்? மறுமொழி சொல்லாதுகள். அண்டைக்கே வீடு மாறிப்போடுங்கள்!"

மூன்றாம் வரிசை முழுவதும் தமிழர் ஆனது தற்செயல் அல்ல. முதலில் நான் சேர்ந்தேன். நான் பிலோமினாவைக் கொண்டுவந்தேன், அவர் யோகனை, யோகன் அந்த ஜனவரியில் மற்ற மூவரையும். கொம்பனிக்கும் எங்களைப் பிடித்திருந்தது. மற்ற வரிசைகளுக்கு அமெரிக்கர்கள் போனைப் படாரென்று வைத்துவிடுவார்கள். எங்களுக்கு வைக்கமாட்டார்கள். ஒரு மணித்தியாலத்தில் ஆகக் கூடிய பேட்டிகளை முடிப்பது எங்கள் வரிசைதான். எங்கள் மரியாதையான பேச்சுக்குக் கிடைத்த பலன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பெருமைக்குள்தான் வினை இருந்ததென்று எங்களுக்குத் தெரியாது.

அன்றிரவு பஸ் தரிப்பில் யோகன் என்னைப் பார்க்காமலே பேசினான்.

"அண்ணை, நான் ஒரு விடையும் பொய்யாப் போடேல்லை. நீங்களாவது நம்பிறியளோ?"

"நம்பாமல் என்ன? நானும் அதே வரிசைதானே."

"கடிதம் கிடைக்காட்டி ஃபைலை மூடிப்போடுவாங்கள். பிறகு முதலிலையிருந்து. சுபா போனமுறை கதைக்கேக்கை கேக்கிறாள், பிள்ளைக்கு இஞ்சை பள்ளிக்கூடம் போட்டுவிடட்டோ எண்டு. நான் வேண்டாம், வரப்போறியள்தானே எண்டு சொல்லிப்போட்டன்."

"தொப்பியைக் காதுவரைக்கும் இழுத்துவிடும்" என்றேன். அன்றிரவு மூன்று தடவை எழும்பித் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் புதன்கிழமை டொரீன் எங்களுக்கு முன்னாலேயே வந்து, நாங்கள் முடித்த பேட்டிகளில் நாற்பது வீடுகளைத் தெரிந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தானே எடுத்துப் பேசினார். "திங்கட்கிழமை உங்களுக்கு யாராவது கருத்துக்கணிப்புக்கு எடுத்தார்களா?" மறுபக்கத்தில் அவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு டொரீனின் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஆறு மணிக்கு எங்களிடம் வந்து சொன்னார்.

"நாற்பது பேரும் ஆம் என்று சொன்னார்கள். இவ்வளவு மரியாதையான ஆட்கள் எங்களுக்கு எடுத்ததே இல்லை என்று பன்னிரண்டு பேர் சொன்னார்கள். ஒரு அம்மா, அந்தப் பையன் திரும்ப எப்போது எடுப்பான் என்று கேட்டார். நீங்கள் பொய் எழுதவில்லை."

யோகன் முதல்முறையாக மூச்சு விட்டான். ஆனால் டொரீன் தலைமயிரில் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "நீங்கள் உண்மையாகத்தான் பேசியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஏன் உங்கள் அமெரிக்கா மட்டும் இப்படி அழுகிறது? இதற்கு விடை இல்லாமல் நான் கிரான்டிடம் போக முடியாது."

இரண்டாவது ஹெட்போனை எடுத்துவந்து யோகனின் இயந்திரத்தில் செருகிக்கொண்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவன் பக்கத்திலேயே இருந்தார். அடுத்த கதிரையில் நான். யோகன் பேசியதை என் காதால் கேட்டேன். மறுபக்கம் பேசியதை டொரீன் பிறகு நடித்தே காட்டினார்.

ஒஹாயோவில் ஒரு வீடு. எடுத்தவன் ஓர் இளைஞன்.

"மாலை வணக்கம் ஐயா. வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று யோகன் ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டான்.

"அப்பா இருக்கிறார்" என்று சொல்லி அவன் போனைக் கொடுத்துவிட்டான்.

தகப்பன் வந்தார். யோகன் அவருக்கும் வணக்கம் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திவிட்டு, விதிப்படி கேட்டான். "உங்கள் வீட்டில் கடைசியாக யாருக்குப் பிறந்தநாள் வந்தது, ஐயா?"

"எனக்கு" என்றார் அவர்.

பின்னாலிருந்து மகன் கத்தினான். "உங்களுக்கு ஓகஸ்டில்! எனக்குத்தான் போன மாதம்!"

"நீ சும்மா இரு. இந்த மனிதர் என்னைத்தான் கேட்டு எடுத்திருக்கிறார்."

பிறகு பதினான்கு நிமிடம் அவர்தான் பேசினார். பொருளாதாரம்? ஊரில் இருந்த சப்பாத்துத் தொழிற்சாலையை மூடிய நாளிலிருந்து மோசம். சனாதிபதி? சப்பாத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? மிகவும் அதிருப்தி. வயது? எழுபத்தொன்று.

யோகன் நன்றி சொல்லி முடித்தான். டொரீன் ஹெட்போனைக் கழற்றினார்.

"யோகன், மணி என்ன?"

"ஆறு ஐம்பது" என்றான், வெலவெலத்துப்போய்.

"பெரியவர் இருக்கிறாரா என்று கேட்கச் சொல்லி யார் சொல்லித் தந்தது?"

யோகன் என்னைப் பார்த்தான். நான் பிலோமினாவைப் பார்த்தேன். டொரீன் ஆறு பேரிடமும் கேட்டார். ஆறு பேரும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அது கேள்வி இல்லை, டொரீன். கேள்விக்கு முதல் செய்யும் மரியாதை. ஒரு வீட்டுக்குள் போகும்போது வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தானே மற்றவர்களோடு பேசுவது?" என்றேன் நான்.

டொரீன் என்னைப் பார்த்தார். பிறகு கதிரையில் விழுந்து சிரிக்கத் தொடங்கினார். இரண்டு கண்ணாடியும் கீழே விழுந்தன. நான்காம் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"என் அம்மாவின் வீட்டில், வெளியாள் ஒருவன் அம்மாவைக் கேட்காமல் என்னைக் கேட்டு வந்திருந்தால் அவனுக்குச் செருப்புத்தான் கிடைத்திருக்கும். நான் எப்போதும் கேள்விகள் தொடங்கியபிறகுதான் ஒட்டுக்கேட்டிருக்கிறேன். எனக்கு இது முதலே விளங்கியிருக்கவேண்டும்!" என்று கண்ணைத் துடைத்தார்.

கணினியில் எங்கள் வரிசையின் வயதுக் கணக்கை அவர் எடுத்துப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. வீடு வீடாக நாங்கள் பெரியவரைத் தேடிப்பிடித்து முன்னுக்கு இருத்தியிருக்கிறோம். ஒருவரும் தன்னைத் தேடி எடுக்காத அந்தப் பெரியவர்கள், வந்த போனை விட மனமில்லாமல், பிறந்தநாளும் தங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். மற்ற வரிசைகள் பேசிய அமெரிக்கா வேலைக்குப் போய்க்கொண்டும் கார் வாங்கிக்கொண்டும் இருந்தது. எங்கள் வரிசை பேசிய அமெரிக்காவுக்கு எழுபது வயது, முழங்கால் வருத்தம், ஓய்வூதியம் போதாது. அது சனாதிபதியை எப்படி வாழ்த்தும்?

கிரான்ட் கீழே இறங்கி வந்தார். நெட்டை மனிதர். டொரீன் சொன்னதை முழுவதும் நின்றபடியே கேட்டார், சிரிக்கவில்லை.

"நல்லது, ஏமாற்றவில்லை. ஆனால் வாடிக்கையாளருக்கு இந்தப் பேட்டிகள் உதவாது. ஆளுக்கு இருபது, மொத்தம் நூற்றிருபது. நாளை இரவு பத்து மணிக்குள் விதிப்படி திரும்பச் செய்யுங்கள். முடித்தால் இதை மறந்துவிடுகிறேன். முடியாவிட்டால் அந்த வரிசைக்கு வேறு ஆட்களைப் போடுவேன்." போகும்போது யோகனைத் திரும்பிப் பார்த்தார். "உங்கள் கடிதம் என் மேசையில் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று நாளைக்குத் தெரியும்."

இருபது பேட்டி பெரிய விஷயமல்ல. ஆனால் ஒரு வீட்டில் தகப்பன் இருக்க, அவரைத் தாண்டி மகனிடம் சனாதிபதியைப் பற்றிக் கேட்பது எங்களுக்குப் பெரிய விஷயம். நாக்கு திரும்பாது. அதனால் வியாழக்கிழமை மத்தியானம் டொரீன் எங்களைச் சாப்பாட்டு அறையில் ஒத்திகை பார்க்க வைத்தார். பிலோமினா ஓர் அமெரிக்கப் பையனாக நடித்தார். வாயில் சுவிங்கம் மென்றுகொண்டு, ஒரு காலைத் தூக்கிக் கதிரையில் வைத்து, வாழைப்பழத்தைக் காதில் பிடித்துக்கொண்டார்.

"ஹலோ, நான் ரொமி. பத்தொன்பது வயது."

"மாலை வணக்கம் ஐயா. வீட்டில் பெரியவர்கள்..." என்று தொடங்கினான் யோகன்.

"அப்பர் செத்துப்போனார். கேள்வியைக் கேளும்!" என்றார் பிலோமினா தமிழில்.

"அக்கா, உப்பிடிச் சொன்னால் நான் என்னெண்டு கேக்கிறது? அனுதாபமெல்லோ சொல்லவேணும்!"

ஏழு தடவை செய்தபிறகுதான் அவன் வாயிலிருந்து பெரியவர் போனார்.

பகலில் எடுத்தால் பெரியவர்கள்தான் வீட்டில் இருப்பார்கள். ஆகவே நான்கு மணிவரை பிறந்தநாள்காரர் யார், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டோம். ஐந்து மணிக்கு உண்மையான வேலை தொடங்கியது. என்ன ஒரு மாலை அது! வாய்கூசிக்கொண்டு நாங்கள் கேட்கக் கேட்க, அதுவரை எங்கள் காதில் விழாத அமெரிக்கா ஒன்று பேசத் தொடங்கியது. ஒரு மாணவன், "என்னையா? நிச்சயமாக என்னையா?" என்று இரண்டு தடவை கேட்டான். கல்யாணமாகி ஒரு மாதமான பெண் ஒருத்தி, பொருளாதாரம் மிக நன்றாக இருக்கிறது, தங்களுக்கு பாண் வாட்டும் ரோஸ்டர் மூன்று பரிசாக வந்திருக்கிறது என்றாள். ஒன்பது மணிக்கு என் இருபதை முடித்தேன். அதன்பின் எழுந்து நடக்கவும் பயம், இருக்கவும் பயம். ஒன்பதரைக்கு நாலு பேர் முடித்திருந்தார்கள். ஒன்பது நாற்பதுக்கு பிலோமினாவும் முடித்துவிட்டார். யோகனுக்கு ஒன்று மீதம் இருந்தது.

நெப்ராஸ்காவில் ஒரு வீட்டுக்கு மணி அடித்தது. எடுத்தவர் ஒரு கிழவர். டொரீன் இரண்டாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நாங்கள் யோகனின் கதிரையைச் சுற்றி நின்றோம்.

"வீட்டில் கடைசியாக யாருக்குப் பிறந்தநாள் வந்தது?"

"என் பேத்திக்கு. நேற்று முன்தினம் பத்தொன்பது. ஆனால் நீ என்னைக் கேள். எனக்கு எல்லாம் தெரியும்."

யோகனின் நெற்றியில் வியர்வை. கிழவரின் குரலில் இருந்த வயதுக்கு அவன் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டான். பிலோமினா அவன் தோளில் ஒரு விரலால் குத்தினார்.

"மன்னிக்கவும் ஐயா, எனக்கு உங்கள் பேத்திதான் வேண்டும்" என்றான் யோகன்.

பிலோமினா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என் பேத்தியோடு உனக்கு என்ன வேலை?"

"சனாதிபதியைப் பற்றிப் பேச, ஐயா. சனாதிபதியும் பொருளாதாரமும். வேறொன்றும் இல்லை, ஐயா."

"அவளுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்?"

யோகன் கண்ணை மூடிக்கொண்டான். "அதைத்தான் ஐயா கேட்கப்போகிறேன்."

டொரீன் தன் முழங்காலில் ஓங்கி அடித்தார். மறுபக்கத்தில் கிழவர் போனை மேசையில் டக்கென்று வைத்தாராம். பிறகு, "கேற்றி! உன்னிடம் யாரோ சனாதிபதியைப் பற்றிக் கேட்கவேண்டுமாம்!" என்று கூப்பிட்டார்.

கேற்றி ஓர் உணவகத்தில் பரிமாறும் பிள்ளை. தன்னிடம் இதுவரை ஒருவரும் இப்படி ஒன்று கேட்டதில்லை என்றாள். பொருளாதாரம் சீராகிறது என்றாள். அந்த மாதம் அவளுக்கு வாரத்தில் இரண்டு நாள் கூட வேலை கிடைத்திருந்தது. சனாதிபதி ஓரளவு திருப்தி, நாளைக்கு மனம் மாறினால் திரும்ப எடுத்துச் சொல்லலாமா என்று கேட்டாள். பின்னால் கிழவர், "மோசம் என்று சொல்லு! மோசம் என்று சொல்லு!" என்று கத்திக்கொண்டிருந்தார். "தாத்தா, அவர் என்னைத்தான் கேட்டார்!" என்று அவள் திருப்பிக் கத்தியது ஹெட்போனுக்கு வெளியே எங்களுக்கே கேட்டது.

ஒன்பது ஐம்பத்தாறுக்கு யோகன் கடைசி விசையை அழுத்தினான். மூன்றாம் வரிசை கைதட்டியது, பிறகு நான்காம் வரிசை, பிறகு காரணம் தெரியாமலே முதலாம் வரிசையும். டொரீன் யோகனின் பென்சிலைச் சீவக் கொண்டுபோனார். அவர் திரும்பி வரும்போது அது பாதியளவாகக் குறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கணக்கு வந்தது. எங்கள் அமெரிக்காவும் மற்ற வரிசைகளின் அமெரிக்காவும் ஒன்றாகிவிட்டன. கிரான்ட் கடிதத்தைத் தன் கையாலேயே கொண்டுவந்து யோகனிடம் கொடுத்தார். நிரந்தர ஊழியர், நேர்மையானவர், மிகுந்த மரியாதை உடையவர் என்று எழுதியிருந்தது. "கடைசிச் சொல்லைப் போடுவதா விடுவதா என்று கொஞ்சம் யோசித்தேன்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் படியேறும்போது அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

சுபாவும் பிள்ளையும் அந்த ஜூலை மாதம் வந்தார்கள். மகனுடைய காரை இரவல் வாங்கிக்கொண்டு நான்தான் யோகனையும் பிலோமினாவையும் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன். நெடுஞ்சாலையில் தடங்கல் வரலாம் என்ற பயத்தில் மூன்று மணித்தியாலம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். விமானம் நாலு மணித்தியாலம் தாமதம். யோகன் ஷேர்ட்டை மூன்று தடவை உள்ளே விட்டான், மூன்று தடவை வெளியே எடுத்தான்.

கடைசியில் கதவு திறந்து, வண்டில் நிறையப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு சுபா வந்தாள். பெட்டிகளின் உச்சியில் சிவப்புச் சட்டையோடு பிள்ளை இருந்தது. எங்களைக் கண்டதும் வண்டில் நின்றது. பிள்ளை என்னைப் பார்த்தது, யோகனைப் பார்த்தது, பிலோமினாவைப் பார்த்தது. பிறகு குனிந்து தாயிடம் சத்தமாகவே கேட்டது.

"அம்மா, உதிலை ஆர் என்ர அப்பா?"

எத்தனையோ ஆயிரம் பேரிடம் கேள்வி கேட்ட யோகன், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷேர்ட்டை நாலாம் தடவை உள்ளே விட்டான். பிலோமினா அவன் முதுகில் இரண்டு கையையும் வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினார். "இந்தா பிள்ளை, இந்த அழுகிற ஆள்தான். பிடி."

கார் நிறுத்தும் இடத்துக்கு நடக்கும்போது பிள்ளை தகப்பனின் தோளில் இருந்து இறங்கவே இல்லை. கையில் வைத்து விளையாட ஏதாவது தா என்று கேட்டது. என் சட்டைப்பையில் இருந்தது பார்க்கிங் ரிக்கற் ஒன்றுதான், கொடுத்தேன். வெளியேறும் வாயிலுக்கு வந்தபோது அது பதினொரு துண்டாக இருந்தது. கட்டணம் வாங்கும் கூண்டுக்குள் இருந்த பெண் துண்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ரிக்கற் இல்லாவிட்டால் ஒருநாள் முழுவதற்கும் கட்டணம் என்றாள். வேறு நாளென்றால் அவளிடம் மணிக்கூட்டைக் காட்டி, ஏழரை மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லியிருப்பேன். பின் ஆசனத்தில் நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் காசை எடுத்து நீட்டினேன்.

இருபத்துநான்கு டொலர்.